உலக சினிமாவைப் பார்ப்பது எப்படி: பிரதி, வரிசை, கண்

‘மாஸ்டர்பீஸ்’ என்று கேள்விப்பட்ட படத்தைப் போட்டுவிட்டு, இருபதாவது நிமிடத்தில் கைபேசியைக் கையில் எடுத்தவர்கள் நிறையப் பேர். பழி பெரும்பாலும் படத்தின் மேல் விழும். இல்லையென்றால் ‘நமக்கு ரசனை போதாது’ என்று தன் மேலேயே விழும். இரண்டும் பெரும்பாலும் தப்பு. பார்த்த பிரதி மோசமாக இருந்திருக்கும், அல்லது டிவியே படத்தைக் கெடுத்திருக்கும். சிலர் எடுத்த எடுப்பிலேயே ஏழு மணி நேரப் படத்தில் கைவைத்திருப்பார்கள். இவை எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, ‘அடுத்து என்ன ஆகும்’ என்ற ஒரே கேள்வியோடு படத்தின் முன்னால் உட்கார்வது. முதல் மூன்றையும் ஒரு சாயங்காலத்தில் சரிசெய்துவிடலாம். கடைசிக்குத்தான் பழக்கம் வேண்டும்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

பேசும் படம் வந்த நாளிலிருந்து சினிமாவின் வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இன்றைய டிவிகள் அந்த ஃபிரேம்களுக்கு நடுவே தாங்களே புதிய ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகி, அசைவை வழுவழுப்பாக்கிவிடுகின்றன. எல்ஜியில் இதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. விளையாட்டு ஒளிபரப்புக்கு இது நல்லது. சினிமாவில் இதைப் போட்டால் எந்த மகத்தான படமும் ஸ்டுடியோவில் எடுத்த சீரியல் மாதிரி ஆகிவிடும். அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உள்ள டிவியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், இந்த வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்குப் போய், மோஷன், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்துக்கொண்டே வந்து, எழுத்துகளின் ஓரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய படத்தில் துகள்துகளாகத் தெரிவது அழுக்கு இல்லை, ஃபிலிமின் இயல்பான மணித்தன்மை. அதைத் துடைக்கப் போனால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

அடுத்தது திரையின் வடிவம். 1953-இல் அகலத்திரை பரவும்வரை ஏறக்குறைய எல்லாப் படங்களும் சதுரத்தை ஒட்டிய 1.37 என்ற விகிதத்தில் (உயரம் 1 என்றால் அகலம் 1.37) எடுக்கப்பட்டவை. அதன் பிறகும் சிலர் அதை விடவில்லை. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1962-இல் எடுத்த தன் கடைசிப் படம்வரை அகலத்திரை பக்கமே போகவில்லை. இந்தப் படங்களை இன்றைய டிவியில் போட்டால் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். பட்டை பிடிக்கவில்லை என்று படத்தை இழுத்து நிரப்பினால் எல்லோருடைய முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். ‘ஜூம்’ செய்தால் மேலும் கீழும் கால்வாசிப் படம் போய்விடும். ஃபிரேமின் ஓரத்தில் ஒரு இயக்குநர் பார்த்துப் பார்த்து வைத்த கதவும் காலணியும் அதோடு சேர்ந்து போகும்.

உட்காரும் தூரம் திரையின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 55 அங்குல டிவி என்றால் ஏழு அடி. அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் ஓரத்தில் நடப்பது கண்ணில் படாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். 1950களுக்கு முந்தைய படங்களின் ஒலி ஏறக்குறைய எல்லாமே மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி. டிவியின் ‘சரவுண்ட்’ விளைவுகளை ஏற்றினால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

எந்தப் பிரதி?

படத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊரெல்லாம் சுற்றும் பிரதிகள் ஒன்றல்ல. உட்காரும் முன் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். ‘செவன் சாமுராய்’ (1954) இடைவேளையோடு 207 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 160 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் அது வெளிநாட்டு விநியோகத்துக்காக வெட்டப்பட்டது. ஃபிரிட்ஸ் லாங்கின் மௌனப் படமான ‘மெட்ரோபொலிஸ்’ 1927-இல் வெளியாகி சில மாதங்களிலேயே வெட்டுப்பட்டு, எண்பது ஆண்டுகள் அரைகுறையாகத்தான் பார்க்கப்பட்டது. 2008-இல் புவனோஸ் ஐரிஸில் ஏறக்குறைய முழுமையான 16 மிமீ பிரதி கிடைத்து, 2010-இல் மீட்டெடுத்த வடிவம் வந்தது. அதற்கு முந்தைய பிரதியைப் பார்த்துவிட்டு ‘கதை புரியவில்லை’ என்றால் புரியாததில் வியப்பில்லை.

மௌனப் படங்களில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று வேகம். அவை 16 முதல் 24 ஃபிரேம்வரை பலவிதமாக எடுக்கப்பட்டவை. 18 ஃபிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடி, துக்கக் காட்சியிலும் ஆட்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள். ‘அந்தக் கால நடிப்பு இப்படித்தான்’ என்ற எண்ணம் பலருக்கு இப்படித்தான் வந்தது. மற்றொன்று வண்ணம். முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) படத்தின் இரவுக் காட்சிகள் பகலில் எடுக்கப்பட்டு, பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாக்கப்பட்டவை. சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதியில் ரத்தக் காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும். வெயில் பட்டால் சாகிற பிறவி அது. காப்புரிமை முடிந்த மௌனப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். ஆவணக் காப்பகம் எதாவது மீட்டெடுத்தது என்று தொடக்கத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரதியின் குறை என்று தவறாக நினைக்கப்படுவது ஒன்றையும் சொல்லிவிடலாம். 1950, 60களின் இத்தாலியப் படங்களில் உதடும் குரலும் ஒட்டாது. அங்கே வசனத்தைப் படப்பிடிப்புக்குப் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பதுதான் வழக்கம். நல்ல பிரதியிலும் அப்படித்தான் இருக்கும்.

சப்டைட்டில்

டப்பிங்கைத் தவிர்த்துவிடுங்கள். நடிப்பில் பாதி குரல்தான்.

சப்டைட்டில் பொருந்தாமல் போவதில் இரண்டு வகை உண்டு, வைத்தியமும் வேறு வேறு. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சி பிளேயரில் ‘ஜி’, ‘எச்’ விசைகளைத் தட்டலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லி வினாடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது ஃபிரேம் வேகச் சிக்கல். ஐரோப்பிய டிவிடிகள் 24 ஃபிரேம் படத்தை 25-இல் ஓட்டும். ஒரு மணி நேரம் 57.6 நிமிடமாகச் சுருங்கிவிடும், அதாவது மணிக்கு சுமார் இரண்டரை நிமிடம் விலகல். எத்தனை தட்டினாலும் இது தீராது. அந்தப் பிரதிக்கென்றே தயாரான சப்டைட்டிலைத் தேடுங்கள், அல்லது ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வந்தால் சப்டைட்டில் ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் சரியாகிவிடும். காது கேளாதோருக்கான சப்டைட்டில் ‘கதவு திறக்கும் சத்தம்’, ‘சோக இசை’ என்றெல்லாம் எழுதிக் காட்டும். தேவையில்லாதவர்கள் சாதாரண வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லாவிட்டால் காது செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துகொண்டிருக்கும்.

வாசிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வரி வந்ததும் ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு உடனே மேலே, பேசுபவரின் கண்ணுக்குப் போய்விடுங்கள். வரி மறையும்வரை அதிலேயே தங்காதீர்கள். ஒரு வரி தப்பினால் ரீவைண்ட் செய்யவும் வேண்டாம். நல்ல படத்தில் தப்பிய வரியின் பொருளை எதிரில் இருப்பவரின் முகம் சொல்லிவிடும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சிரமமாக இருக்கும், பிறகு வாசிக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

1895-இலிருந்து வரிசையாகப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர்கள் 1920-ஐத் தாண்டுவது அபூர்வம். சிறந்த நூறு படங்களின் பட்டியலை முதலிடத்திலிருந்து பிடிப்பதும் சரிப்படாது. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வாக்கெடுப்பில் 2022-இல் முதலிடம் பெற்றது ஷந்தால் அகெர்மனின் ‘ஜான் டீல்மன்’ (1975). 201 நிமிடம், பெரும்பகுதி ஒரு பெண் வீட்டுவேலை செய்வது. அசாத்தியமான படம், ஆனால் உள்ளே நுழைவதற்கான வாசல் அது இல்லை.

பழகிய காலத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதே சுலபமான வழி. அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011) ஒரு துப்பறியும் கதையின் பிடியோடு போகும். யார் பொய் சொன்னார், எப்போது சொன்னார் என்று நம்மையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிடும். அங்கிருந்து இன்னொரு ஈரானியரான அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ (1987). நண்பனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன் அதைத் திருப்பிக் கொடுக்க அலைவதுதான் முழுக்கதை. அதற்கும் பின்னே போனால் இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948). தொலைந்த சைக்கிள், தேடி அலையும் அப்பாவும் மகனும், தெருவில் படப்பிடிப்பு, தொழில்முறை நடிகர் அல்லாதவர்கள். மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால், சின்னப் பொருளை வைத்துப் பெரிய அவஸ்தையைச் சொல்லும் ஒரு மரபு நாடு விட்டு நாடு போனது தானாகப் பிடிபடும்.

இதேபோல இன்னொரு சரடு ஜப்பானில் இருக்கிறது. ஹிரோகாசு கோரே-எதாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) பார்த்துவிட்டு ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு (1953) போகலாம். இருவரையும் ஒப்பிடாத விமர்சகர் இல்லை. கோரே-எதாவோ தன்னை ஓசுவின் காலத்து இயக்குநரான மிகியோ நருசேவுக்கு நெருக்கமானவராகச் சொல்லியிருக்கிறார், எனவே நருசேவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவுக்கு உஸ்மான் செம்பேனின் ‘பிளாக் கேர்ள்’ (1966) போதுமான தொடக்கம், ஒரு மணி நேரம்தான். மௌனப் படத்துக்குப் பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லக் ஜூனியர்’ (1924), 45 நிமிடம். முழுக்க முழுக்க நிழற்படங்களாலேயே ஒரு கதையைச் சொல்ல முடியுமா என்று சந்தேகம் இருந்தால் கிறிஸ் மார்க்கரின் 28 நிமிட ‘லா ஜெத்தே’ (1962). அதில் அசைவது ஒரே ஒரு ஷாட். அது எது என்று முன்கூட்டியே தேடிப் படிக்காதீர்கள்.

கண்ணைப் பழக்கும் பயிற்சி

படத்தை முதலில் முழுதாக, இடையில் நிறுத்தாமல் பாருங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, மனதில் தங்கிய ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதை இப்படிப் பாருங்கள்:

1. ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை. யார் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார், கேமரா யாரோடு போகிறது என்பது மட்டும்.
2. ஒவ்வொரு ‘கட்’டுக்கும், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கும், மேஜையில் ஒரு தட்டு. மூன்று நிமிடத்தில் 60 கட் என்றால் ஒரு ஷாட் சராசரி மூன்று வினாடி. ஆறு கட் என்றால் அரை நிமிடம். நீளமாக நின்ற ஷாட் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. கண்ணை மூடிக்கொண்டு ஒலி மட்டும். திரையில் இல்லாத எதன் சத்தம் கேட்கிறது?
4. எல்லாம் சேர்த்து கடைசியாக ஒருமுறை.

மூன்றாவதுக்கு ராபர்ட் பிரெஸ்ஸோனின் ‘எ மேன் எஸ்கேப்ட்’ (1956) போல வேறு படம் கிடைப்பது கஷ்டம். சிறையறையை விட்டுக் கேமரா அதிகம் வெளியே போகாது. காலடி, சாவி, தூரத்து ரயில் இவைதான் வெளியுலகம். தப்பிக்கும் இரவில் ரயில் சத்தம் எழும் கணம் பார்த்துத்தான் கைதிகளால் நகர முடியும்.

பயிற்சி எதற்கு என்பது உதாரணத்தில் விளங்கும். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ தொடக்கத்தில், அடகில் இருக்கும் சைக்கிளை மீட்பதற்காக மனைவி படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துக்கொண்டு வந்து அடகு வைக்கிறாள். கதைக்கு அவ்வளவு போதும், பணம் கிடைத்தாயிற்று. ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. கடை ஊழியர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஒரு அலமாரியில் ஏறுகிறார். கேமரா அவரோடு மேலே போகிறது. தட்டுக்கு மேல் தட்டாக, கூரைவரை, மற்றவர்கள் அடகு வைத்த விரிப்பு மூட்டைகள். வசனம் கிடையாது. இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை, ஒரு நகரமே வெறும் மெத்தையில் படுக்கிறது என்று அந்தக் கேமரா நகர்வு சொல்லிவிடுகிறது. கதைக்காக மட்டும் பார்க்கிற கண் அந்த நேரம் சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கும்.

இன்னும் கடினமான ஒன்று. ஓசுவின் ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தில், கல்யாணத்துக்கு முன் கடைசியாக அப்பாவோடு கியோட்டோ வந்திருக்கும் மகள் விடுதி அறையில் படுத்திருக்கிறாள். விளக்கு அணைந்துவிட்டது. அவள் பேசுகிறாள், பதில் இல்லை, அப்பா தூங்கிவிட்டார். அவள் கூரையைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். கட். அறையின் மூலையில் ஒரு பூ ஜாடி, பின்னால் காகிதக் கதவில் மூங்கில் நிழல். சில வினாடிகள். திரும்ப அவள் முகம், இப்போது கண் கலங்கும் நிலையில். மறுபடி ஜாடி. அந்த ஜாடி என்ன என்று விமர்சகர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். அதன் பொருளைக் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். சிரிப்பு அழுகையாக மாறிய நொடியை நமக்குக் காட்டவில்லை. நாம் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்துவிட்டது. அதை இட்டு நிரப்புவது பார்க்கிறவர். ‘இது எதன் குறியீடு’ என்று வேட்டையாடுகிறவர்களுக்கு இந்த இடம் கைநழுவிப் போகும். உலக சினிமா பற்றிய பேச்சில் பாதி இந்தக் குறியீட்டு வேட்டையாகவே இருப்பது வருத்தம்தான்.

மெதுவான படங்களையும் இதே கண்ணோடு அணுகலாம். ‘ஜான் டீல்மன்’ மூன்று நாள் கதை. முதல் நாள் அவள் அறையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள், பணத்தைச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள், உருளைக்கிழங்கு பதமாக வேகிறது. கேமரா அசைவதில்லை. இரண்டாம் நாள் அந்தப் பாத்திரத்தின் மூடி திறந்தபடி கிடக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. வேறு படத்தில் கண்டுகொள்ளாத விஷயம் இங்கே வயிற்றைப் பிசைகிறது. முதல் நாளை முழு நீளத்தில் பார்த்ததால்தான் இது நடக்கிறது. சலிப்பாக இருக்கிறதே என்று 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டினாலோ, ஒரு மணி நேரமாகத் துண்டுபோட்டு மூன்று நாளில் பார்த்தாலோ மூடி வெறும் மூடிதான். எனவே இப்படிப்பட்ட படத்தை முழுக்கப் பார்க்க நேரம் இருக்கும் நாளில் மட்டும் எடுங்கள், பகலில் எடுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். பேலா தாரின் ‘சாத்தான்டாங்கோ’ (1994) ஏழு மணி நேரத்துக்கு மேல். பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் பகுதி முடிவில் எழுந்து போகலாம், பகுதிக்கு நடுவில் வேண்டாம்.

பிறகு

விமர்சனம், யூடியூப் விளக்கம், ‘முடிவின் பொருள் என்ன’ வகைக் கட்டுரைகள் எல்லாம் படம் முடிந்த பிறகு. முன்பே படித்தால் நீங்கள் பார்ப்பது படம் அல்ல, அந்தக் கட்டுரைக்கான ஆதாரங்கள். விதிவிலக்காக, நாடும் காலமும் பற்றி நாலு வரி முன்னால் தெரிந்துகொள்வது உதவும். போருக்குப் பிந்தைய ரோமில் வேலை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரியாதவருக்குச் சைக்கிள் வெறும் சைக்கிளாகத் தெரியும்.

குறிப்பு எழுதுவதானால் படம் முடிந்த அன்றே மூன்று வரி போதும்: நினைவில் நிற்கும் ஒரு ஷாட், ஒரு சத்தம், புரியாத ஒரு இடம். ‘அருமை’, ‘சுமார்’ என்று எழுதாதீர்கள், ஆறு மாதம் கழித்து அதிலிருந்து எதுவும் திரும்ப வராது. வாரத்துக்கு ஒரு புதுப் படம், மாதத்துக்கு ஒரு பழைய படம் மறுபடி என்ற கணக்கு பலருக்குத் தாங்கும். ஒரு வாரக்கடைசியில் ஐந்து படம் பார்த்தால் செவ்வாய்க்கிழமை எந்த முகம் எந்தப் படத்தில் என்பதே குழம்பிவிடும்.

ஒரு படம் ஒட்டவே இல்லை என்றால் இயக்குநரை விலக்காமல் வேறு வாசலைத் தேடுங்கள். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) வழுக்கிக்கொண்டே போனால், 95 நிமிடத்தில் முடியும் அவருடைய முதல் முழுநீளப் படமான ‘இவான்ஸ் சைல்ட்ஹுட்’ (1962). பெர்க்மனின் ‘பெர்சோனா’ (1966) திணறடித்தால் ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்’ (1957). ஓசு என்றாலே தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு ‘குட் மார்னிங்’ (1959): வண்ணப் படம், டிவி வாங்கித் தரும்வரை பேச மாட்டோம் என்று இரண்டு வாண்டுகள் அடம்பிடிக்கும் நகைச்சுவை, நடுவில் குசு ஜோக்குகள்கூட உண்டு. கேமரா அதே தாழ்ந்த உயரத்தில்தான் இருக்கும்.